கறைபட்ட கெர்னல்

தார்த்துவில், எமாயிகி ஆற்றின் பனிப்பாளம்
விரிசல் விடும் ஓசை நான்காம் மாடிவரை ஏறிவந்த ஓர் இரவில்
இருநூற்றுப் பதினேழாம் வரியை எழுதி முடித்தேன்.
எனக்கென்று ஒரு பூட்டு.
ஊரெல்லாம் போடுகிற பூட்டில்லை,
கணிதம் தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் தட்டிப்பார்த்துச்
சரியென்று சொன்னதில்லை.
வகுப்பில் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்,
சொந்தச் சைபர் செய்யாதீர்கள் என்று.
சொன்ன வாய்க்கும் செய்யும் கைக்கும்
ஒரு முழம் தூரம் இருக்கத்தான் செய்கிறது.

மாட்யூலை ஏற்றியதும்
கெர்னல் முகம் சுளித்தது:
கையொப்பமில்லாத ஒன்று உள்ளே வந்துவிட்டது,
நான் கறைபட்டுவிட்டேன்.
அணைத்து மறுபடி எழுப்பும்வரை அந்தக் கறை போகாது.

கீழே அங்கே சட்டங்கள் வேறு.
தசமப் புள்ளி வைத்த எண்ணுக்கு இடமில்லை.
அடுக்கு சிறியது, மூட்டை முடிச்சோடு நுழையாதே.
எல்லாவற்றுக்கும் மேலாக,
பூட்டைக் கையில் பிடித்திருக்கும்போது
கண்ணயரக் கூடாது.

என்னுடையது கண்ணயர்ந்தது.
கொஞ்சம் நினைவிடம் கேட்டு, வரட்டுமென்று காத்திருந்த
ஓர் இமைப்பொழுது.
திரை முழுக்க முகவரிகள் கொட்டின.
பீதி என்றொரு சொல், அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
விசைப்பலகையில் இரண்டு விளக்குகள் மட்டும்
விட்டுவிட்டு எரிந்தன.
இப்படிப் பன்னிரண்டு தடவை.
பதின்மூன்றாவதில் நின்றது.
விடிந்திருந்தது. பால் திரிந்திருந்தது.

போன வருட நாட்குறிப்பை அதற்குள் வைத்தேன்.
நாளுக்கொரு பக்கம்,
நான்காயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்,
எழுதினாலும் எழுதாவிட்டாலும்.

வியாழக்கிழமை கவ்போ வந்தான்.
எவ்வளவு நேரம் தருகிறாய் என்றான்.
ஆயுள் முழுக்க என்றேன், கர்வம்தான்.
டிஸ்கின் நகலை மட்டும் கொண்டுபோனான்,
நிரலைக் கேட்கவில்லை.
அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மதியம், துறைக்குப் பின்னால்
சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தான்.
சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

'எல்லாப் பக்கத்துக்கும் ஒரே போர்வையைப் போர்த்தியிருக்கிறாய்.
எழுதாத பக்கம் என்றால் வெறும் சுழியங்கள்.
சுழியத்தின் மேல் சாவியைப் போர்த்தினால்
வெளியே தெரிவது சாவிதான், லேலோ.
ஒரே மாதிரிப் பக்கங்கள் வரிசையாய்க் கிடந்தன.
ஒன்றை எடுத்து மற்ற நாட்களின் மேல் வைத்தேன், அவ்வளவுதான்.
நாற்பது நிமிடம். அதில் பாதி காப்பி போட.'

படித்தாயா?

'ஒரு வரி. மழை என்று ஆரம்பித்தது.
சரியாகத் திறந்திருக்கிறதென்று தெரிந்ததும் மூடிவிட்டேன்.'

அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.
சப்பாத்து நுனியால் அழுக்குப் பனியைத் தள்ளித் தள்ளி
ஒரு சின்ன மேடு கட்டினான். பிறகு கேட்டான்:
'பிப்ரவரி ஒன்பதிலிருந்து மார்ச் ஒன்றுவரை
ஓர் எழுத்துகூட இல்லையே?'

எழுதியதை எல்லாம் மறைத்திருந்தேன்,
சண்டைகளை, மருந்துப் பெயர்களை,
அம்மாவிடம் சொல்லாத தொகையை.
எழுத வராத அந்த இருபத்தோரு நாட்கள்தான்
கையில் சாவியோடு வாசலில் நின்றிருக்கின்றன,
கேட்டவனுக்கு எடுத்துக் கொடுத்திருக்கின்றன.

பதில் சொல்லவில்லை நான்.
அவனும் மறுபடி கேட்கவில்லை.
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாலம்வரை கூடவே வந்தான்.

இரவில் மாட்யூலை இறக்கக் கட்டளையிட்டேன்.
முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது என்றது கெர்னல்.
யார் பிடித்துவைத்திருப்பது என்று
செயல்களின் பட்டியலில் மேலும் கீழும் தேடினேன்.
நான்தான்.
அடுக்கடுக்கான சாளரங்களுக்குப் பின்னால்
பிப்ரவரி ஒன்பது திறந்து கிடந்தது,
முதல் கட்டத்தில் குறிமுள் துடித்துக்கொண்டு.